ஊர்ப் பணமும் ஒப்பந்தமும்

குடும்பத் தலைவன் ஒருவன் தன் வீட்டுக்கு ஒரு மூடை சீமெந்து வாங்கும்பொழுது எவருக்கும் கணக்குக் காட்டவேண்டிய கடமை அவனுக்கு இல்லை. தெரிந்தவர் கடையில் வாங்கலாம். உறவினர் கடையில் வாங்கலாம். ஏமாந்தால் நட்டம் அவனையே சாரும். ஊர்ச்சபை ஒன்று அதே மூடையை வாங்கும்பொழுது நிலைமை முற்றிலும் வேறாகின்றது. அங்கே செலவாவது பிறர் பணம். பயன்பெற வேண்டியவர்கள் பிறர். ஏமாற்றம் நேரின் அதனைத் தாங்குவோரும் பிறரே. ஆதலால், எதை வாங்கினோம், யாரிடம் வாங்கினோம், என்ன விலைக்கு வாங்கினோம் என்பவற்றோடு, ஏன் அவ்வாறு வாங்கினோம் என்பதற்கும் விடைகூறச் சபையினர் கடமைப்பட்டவராகின்றனர்.

இக்கடமை தமிழருக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தெரிவுசெய்யும் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவாதல் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன்னரே, ஊர்ப் பணத்தைக் கையாள்வோர்க்கு முதல் தகுதி கணக்கு என்று நம்மவர் கண்டிருந்தனர்.

இன்று இலங்கையின் கிராமப்புறங்களில் இப்பொறுப்பைச் சுமப்பவை, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பிரதேச சபைகளாகும். யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய இடங்களில் இத்தகைய சபைகள் உள்ளன. கிராமத்து ஒழுங்கைகளைச் செப்பனிடல், தெருவிளக்கு ஏற்றல், சந்தை நடத்தல், குப்பை அகற்றல், நூல்நிலையம் பேணல் ஆகிய எல்லாப் பணிகளுக்கும் பொருள் வாங்கவேண்டும், ஒப்பந்தம் எழுதவேண்டும். எனவே கொள்முதல் என்பது அலுவலகத்தின் ஒரு மூலையில் நிகழும் எழுத்து வேலையன்று. கிணற்றடிக்குச் செல்லும் பாதை மழைக்குத் தாங்குமா, இரவில் இறங்குதுறையில் விளக்கு எரியுமா என்பவை அதனாலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

தீவகத்தில் இவ்வேலைக்கு ஒரு தனிக் கடினம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் லொறி, பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை வழியாக ஊர்காவற்றுறை வரை ஓடிவரும். புங்குடுதீவின் குறிகட்டுவான் வரையும் செல்லும். அதற்கு அப்பால் கடல். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகேறவேண்டும். எழுவைதீவு, அனலைதீவு மக்கள் ஊர்காவற்றுறை இறங்குதுறையை நாடவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலமாதலால், வீதிக்கும் கொங்கிறீற்றுக்கும் வேண்டிய கருங்கல் வன்னிப் பெருநிலத்திலிருந்து வரவேண்டும். அக்கல் லொறியிலிருந்து இறங்குதுறைக்கும், அங்கிருந்து படகுக்கும், படகிலிருந்து தீவின் துறைக்கும், துறையிலிருந்து உழவு இயந்திரத்துக்கும் மாறுகின்றது. ஒவ்வொரு முறை தூக்கி இறக்கும்பொழுதும் கூலி ஏறுகின்றது. ஒரு பகுதி சிந்திச் சேதமாகின்றது.

இங்கேதான் விலை வேறு, செலவு வேறு என்பது புலனாகின்றது. ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஒப்படைப்பதாகக் குறைந்த விலை எழுதுகின்றார். மற்றொருவர் நெடுந்தீவில் வேலை நடைபெறும் இடத்திலேயே ஒப்படைப்பதாகச் சற்றுக் கூடிய விலை எழுதுகின்றார். கேள்விப்பத்திரத்தில் ஒப்படைக்கும் இடம் இன்னதெனத் திட்டமாகக் கூறப்படாவிடின், இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்தல் இயலாது. குறைந்த தொகைக்கு இணங்கிய சபை, படகுக்கூலியையும் இறக்குகூலியையும் பின்னர் தனித்தனியே செலுத்தி, ஈற்றில் கூடிய தொகையையே செலவிட்டிருக்கும். இலங்கையின் பெறுகை வழிகாட்டிகளும் வெறுங் குறைந்த விலையைக் கேட்கவில்லை. கேட்ட தன்மைகளுக்குப் பொருந்துகின்ற விலைமனுக்களுள், மதிப்பிட்டுக் கண்ட செலவில் குறைந்ததையே அவை வேண்டுகின்றன. மதிப்பிடுதல் என்னும் அச்சொல்லில்தான் சபையின் அறிவு வெளிப்படவேண்டும்.

அடுத்தது பொருளின் தன்மை. உப்புக்காற்று ஓயாது வீசும் நிலத்தில் சாதாரண இரும்பு விரைவில் துருவேறும். கடல்மணலும் உவர்நீரும் கலந்த கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்துப் பருக்க, மேற்பூச்சு வெடித்து உதிரும். நகரத்துச் சபை ஒன்றின் கேள்விப்பத்திரத்தை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்துத் தீவுக்குப் பயன்படுத்துவோர் இதனை மறந்துவிடுகின்றனர். விளக்குத் தாங்கி நாகமுலாம் பூசப்பட்டதாக இருத்தல் வேண்டும், மணல் உப்பு நீங்கியதாக இருத்தல் வேண்டும், கலவைக்கு நன்னீரே பயன்படவேண்டும் என்பன முன்கூட்டியே எழுதப்படவேண்டும். எழுதப்படாத ஒன்றைப் பின்னர் ஒப்பந்தகாரரிடம் கேட்பதற்குச் சபைக்கு உரிமை இல்லை.

மூன்றாவது காலம். இலங்கையின் நிதியாண்டு தை முதல் மார்கழி வரையானது. ஆண்டின் முற்பகுதியில் திட்டமும் மதிப்பீடும் எழுதி, நடுப்பகுதியில் அனுமதி பெற்று, பிற்பகுதியில் ஒப்பந்தம் கொடுப்பது பல அலுவலகங்களின் வழக்கம். இதனால் வேலை உச்சமடையும் காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியாக அமைகின்றது. வடபுலத்தில் மாரி மழை பொழிவதும், வாடைக்காற்றில் கடல் கொந்தளிப்பதும் அம்மாதங்களிலேயாம். மழையில் தாரிட்ட வீதி நிலைக்காது. கொந்தளிக்கும் கடலில் கல்லேற்றிய படகு செல்லாது. ஈரக்காற்றில் அடுக்கிய சீமெந்து நாளுக்கு நாள் வலிமை இழக்கும். ஆயினும் ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிடாவிடில் அது திரும்பிவிடும் என்னும் அச்சத்தால் வேலை விரைந்து முடிக்கப்படுகின்றது. அடுத்த ஆண்டே அதே வீதி மீண்டும் மதிப்பீட்டுப் பட்டியலில் ஏறுகின்றது.

இதற்கு மாற்று அரிதன்று. வருடாந்தப் பெறுகைத் திட்டம் ஒன்றை ஆண்டு பிறக்குமுன்னரே வகுத்துக்கொள்ளல் வேண்டும். தீவின் உழவனும் கடற்றொழிலாளியும் காற்றைப் பார்த்தே தொழில் செய்கின்றனர். சோழகம் எப்பொழுது தொடங்கும், கடல் எப்பொழுது அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சபையின் திட்டமும் அக்காற்றை அறிந்து எழுதப்படல் வேண்டும். கல்லும் மணலும் கடல் அமைதியான நாட்களில் தீவு சேர்ந்து, வீதிவேலை வரண்ட மாதங்களில் முடிவுறுமாயின், அதே பணத்தில் இருமடங்கு நாள் நிலைக்கும் வேலையைப் பெறலாம்.

நான்காவது போட்டி. சிறு தீவில் ஒரு சிறு வேலைக்கு விலைமனுக் கோரினால் ஒருவரோ இருவரோ முன்வருவர். போட்டி இல்லாத இடத்தில் விலை ஏறுதல் இயல்பு. இந்நிலையில், ஒரு பெரிய வேலையைப் பல துண்டுகளாகக் கூறுபோட்டு, எல்லையை மீறாதது போலக் காட்டி, பழகிய ஒருவருக்கே கொடுப்பது மிகத் தீய வழக்கமாகும். பெறுகை விதிகள் இதனைத் தடுக்கின்றன. கூறுபோடுவதற்கு நேர்மாறானது கூட்டுவது. தீவகத்துச் சபைகள் யாவும் மின்குமிழ், குழாய், சீமெந்து, உழவு இயந்திர உதிரிப்பாகம் முதலியவற்றைத் தனித்தனியே சிறிது சிறிதாக வாங்குவதை விடுத்து, ஆண்டுத் தேவையை ஒன்றுசேர்த்து ஒரே கேள்வியாக விடுமாயின், தொலைவிலுள்ள பெரிய வணிகரும் போட்டியிட முன்வருவர். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைக் கண்டு வளர்ந்த யாழ்ப்பாண மக்களுக்கு, கூடி வாங்குவதன் நன்மையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவை யாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை செய்யவேண்டியவை. பொதுமக்களின் கவனமும் பெரும்பாலும் அதுவரையே செல்கின்றது. யாருக்குக் கேள்வி கிடைத்தது என்று சந்தையில் பேசுவோர், வேலை எவ்வாறு நடந்தது என்று பேசுவதில்லை. உண்மையில் ஊர்ப்பணம் கசிவது கையெழுத்துக்குப் பின்னரேயாம். ஆறு அங்குலத் தடிப்பு நாலரை அங்குலமாகும். ஒன்றுக்கு இரண்டு என்ற கலவை ஒன்றுக்கு நான்காகும். மண் மூடியபின் எவரும் அளந்தறிதல் இயலாது. கடல் கடந்து பல தீவுகளை மேற்பார்வையிடவேண்டிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர், படகு ஓடாத நாளில் வேலைத்தளத்துக்குச் செல்வது எப்படி?

ஆகவே மறைந்துபோகும் வேலை ஒவ்வொன்றும் மறையுமுன் அளக்கப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, வேலைத்தளப் புத்தகத்தில் அன்றன்றே பதியப்படல் வேண்டும். உத்தியோகத்தர் அளந்து ஒப்பமிட்ட வேலைக்கு மட்டுமே பணம் விடுவிக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, குறைகள் தோன்றக்கூடிய காலம் கழிந்தபின் கொடுப்பது ஒப்பந்தங்களில் உள்ள வழக்கம். அக்காலம் முடியுமுன் ஒருமுறையேனும் வேலையைச் சென்று பாராத சபைக்கு அந்தப் பாதுகாப்பினால் பயனில்லை. மேலும், வேலையின் பெயர், தொகை, ஒப்பந்தகாரர், முடிவுத் திகதி, வீதியின் நீளம், தடிப்பு ஆகியவற்றை எழுதிய பலகை ஒன்று வேலைத்தளத்தில் தமிழில் நிற்குமாயின், அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் கணக்காய்வாளனாகும். சிறு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடம் ஒப்படைக்கும் முறையும் இலங்கையில் உண்டு. அது நன்முறையே, எனினும் வேலை செய்தவர்களே வேலை சரியெனச் சான்றளித்தல் கூடாது.

பொருள் கைக்கு வந்தபின்னும் செலவு முடிவதில்லை. இதற்கு நெடுந்தாரகை என்னும் பயணிகள் படகு தக்க எடுத்துக்காட்டாகும். வடக்குக் கிழக்கு உள்ளூராட்சி மேம்பாட்டுத் திட்டமாகிய நெல்சிப்பின்கீழ், அவுஸ்திரேலியாவின் நிதியுதவியுடன் கட்டப்பட்ட அப்படகு, 2017ஆம் ஆண்டு தை மாதத்தில் நெடுந்தீவு மக்களின் பயன்பாட்டுக்குக் கையளிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒருமணிநேரக் கடற்பயணத்தை நம்பி வாழும் மக்களுக்கு அது பெருங் கொடையே. ஆயின் கலத்தைக் கொடையாகப் பெறலாம். அதன் எரிபொருளையும், மாலுமிகளின் சம்பளத்தையும், ஆண்டுதோறும் கரையேற்றிச் செய்யவேண்டிய பழுதுபார்ப்பையும் கொடையாக நெடுங்காலம் பெறுதல் இயலாது. வருமானம் குறைந்த ஒரு சிறு சபை, இத்தகைய பொருளை ஏற்குமுன் அதன் ஆயுட்காலச் செலவு முழுவதையும் எழுதிப் பார்க்கவேண்டும். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், திருத்துவோர் யாவர், எத்தனை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் அடங்கும் என்பன வாங்கும் நாளிலேயே கேட்கப்படவேண்டிய கேள்விகள். ஒரு செயலில் இறங்குமுன் அதில் அழிவதையும் ஆவதையும் எண்ணிப்பார்க்குமாறு, தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்துவதும் இதனையேயாம்.

காலதாமதமும் ஒரு செலவென்பதை இத்தீவுகள் வேறொரு வகையிலும் கண்டன. டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் அளிக்கும் திட்டத்தின் ஒப்பந்தம், 2021ஆம் ஆண்டு தை மாதத்தில் சீன நிறுவனங்களின் கூட்டொன்றுக்கு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. அது உள்ளூராட்சிச் சபைகளின் ஒப்பந்தமன்று. மத்திய அரசு சார்ந்தது. அயல்நாடாகிய இந்தியாவின் ஆட்சேபத்தின் பின்னர் அது கைவிடப்பட்டு, இந்திய நன்கொடையுடன் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில். இடையே கழிந்தவை மூன்று ஆண்டுகளுக்கு மேல். காரணம் எதுவாயினும், ஒப்பந்தம் தடைப்படும்பொழுது காத்திருப்பவர்கள் தீவில் வாழும் மக்களே.

சட்டத்தின் துணை இன்று முன்னரிலும் கூடுதலாக உள்ளது. 2015ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தினால் தோன்றிய தேசிய பெறுகை ஆணைக்குழு, 2020ஆம் ஆண்டின் 20ஆம் திருத்தத்தினால் நீங்கி, 2022ஆம் ஆண்டின் 21ஆம் திருத்தத்தினால் மீண்டது. 2006ஆம் ஆண்டின் வழிகாட்டிகளுக்குப் பதிலாகப் புதிய வழிகாட்டிகள் 2025 தை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தன. சபைகளின் கணக்கைக் கணக்காய்வாளர் அதிபதி ஆராய்கின்றார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஓர் ஒப்பந்தத்தின் விவரத்தை எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். பிற நாடுகளும் இவ்வழியே செல்கின்றன. தமிழ்நாடு 1998ஆம் ஆண்டிலேயே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மையை வேண்டும் சட்டத்தை இயற்றியது. தென்கொரியா 2002ஆம் ஆண்டில் அரசாங்கக் கொள்முதலை மின்னியல் வழிக்குக் கொணர்ந்தது.

எனினும் சட்டப்புத்தகம் தானே எழுந்து படகேறி நெடுந்தீவுக்குச் செல்வதில்லை. 2025ஆம் ஆண்டு வைகாசி 6ஆந் திகதி நடைபெற்ற தேர்தலின்பின் சபைகளில் அமர்ந்த உறுப்பினர்க்கும், அவர்களைத் தெரிந்த மக்களுக்கும் உரிய பொறுப்பு அது. விலைமனுப் பெட்டி திறக்கும் நாளில் காட்டும் ஆர்வத்தை, கொங்கிறீற்று இடும் நாளிலும் காட்டுதல் வேண்டும். குறைந்த விலை எது என்று கேட்பதோடு நில்லாது, இப்பொருள் நம் தீவுக்கு வந்து சேரும்பொழுது என்ன செலவாகும், எத்தனை மாரியைத் தாங்கும், பழுதுற்றால் யார் திருத்துவர் என்னும் மூன்று கேள்விகளையும் சபையும் மக்களும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் கேட்பார்களாயின், சிறிய வருமானமும் பெரிய பயனைத் தரும். கடல் சூழ்ந்த ஊரில் வீண்போகும் ஒரு மூடை சீமெந்து, வேறிடத்தில் வீண்போகும் இரண்டு மூடைக்குச் சமம். அதனை வீண்போகாமற் காப்பதே ஊராட்சியின் முதற் சிக்கனமாகும்.