வியாழன் மாலை வலை, வெள்ளி விடியலில் நண்டு

கொல்லிமலையில் மீனுக்குப் பஞ்சமில்லை, பிடிக்கத்தான் கூடாது. அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் மீன்கள் துள்ளும். வருகிறவர்கள் பொரி வாங்கிப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். படகில் ஏற ஆசைப்பட்டால் வாசலூர்பட்டி படகு இல்லம் இருக்கிறது. ஒரு சுற்று சுற்றினால் அதுவும் முடிந்தது. வலை இழுப்பதைப் பார்க்க வேண்டும், நண்டை உயிரோடு கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் செம்மேட்டுக்காரரோ சோளக்காட்டுக்காரரோ எழுபது கொண்டைஊசி வளைவுகளையும் இறங்கிக் கிழக்கே போயாக வேண்டும். அவர்களுக்காகவும், அவர்களைப் போலக் கடலை விட்டுத் தள்ளி வாழ்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, அதிராம்பட்டினம் தொடங்கி மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி வரை நீளும் பாக் விரிகுடாக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பெயர்பெற்ற மணல்கரை எதுவும் இங்கே இல்லை. மனோரா கோட்டையைப் பார்க்க வருகிற கூட்டமும் அரை நாளில் திரும்பிவிடும். சேறும் கடற்புல்லும் நிறைந்த ஆழமில்லாத கடல் இது. நீலக்கால் நண்டு விரும்பி வாழும் இடம் அதுதான். இராமேசுவரத்துக்காரர்கள் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். முதல்முறை படகேறுகிறவர் பெண்கடலிலேயே ஏறுவது நல்லது.

கொல்லிமலையிலிருந்து நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், பட்டுக்கோட்டை வழியாக 250 கிலோமீட்டருக்கு மேல் வரும். கடலுக்குப் போகிற அன்றைக்கே மலையிலிருந்து கிளம்பாதீர்கள். முதல் நாள் வந்து பட்டுக்கோட்டையில் தங்கிவிடுங்கள்.

அடுத்தது மாதம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை அப்படியே அடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று இந்தக் கடலைத்தான் நேராகக் கலக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையில் விட்டுவைத்த படகுகளை எண்ணிவிடலாம். தை பிறந்து வாடை தணிந்த பிறகு, மாசி, பங்குனியில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான்; நாட்டுப்படகுகள் போய் வந்துகொண்டிருக்கும். ஆனால் அந்த நாட்களில் நண்டின் விலையும் ஏறிப்போயிருக்கும், சித்திரை வெயிலும் தலையைப் பிளக்கும்.

வெளியூர்க்காரர் யாரும் யோசிக்காத விஷயம் கிழமை. பயணத்தின் வெற்றி பாதிக்குமேல் இதில்தான் இருக்கிறது. நண்டுவலை, கடலின் அடித்தரையில் சுவர்போல நிற்க வைக்கும் வலை. கீழ்க்கயிற்றில் ஈயக்குண்டு, மேல்கயிற்றில் மிதப்பு, இரண்டு முனையிலும் கொடி. மாலையில் போட்டுவிட்டு வந்து விடியலில் போய் எடுப்பார்கள். இரவெல்லாம் அது ஆளில்லாமல் கிடக்கும். அந்த நேரத்தில் விசைப்படகின் இழுவைமடி அந்தப் பக்கம் வந்தால் வலையையும் நண்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையிலான கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. ஏட்டில் இருக்கிற அந்தக் கோடு தண்ணீரில் தெரிவதில்லை. அதனால்தான் இரு தரப்பும் நாளைப் பங்கு போட்டுக்கொண்டன. தஞ்சை மாவட்டத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுகளுக்கு.

இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறு மாலை வலை போட்டால் திங்களன்று விசைப்படகு கிளம்பிவிடும். செவ்வாய் மாலை போட்டால் புதன் இடிக்கும். மாலையும் மறுநாள் விடியலும் இரண்டுமே நாட்டுப்படகு நாளாக அமைவது வாரத்தில் ஒரே இரவுதான்: வியாழன் இரவு. சனி, ஞாயிறு விடுமுறையை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புவது இதனால்தான். அலுவலகத்தில் வியாழனும் வெள்ளியும் விடுப்புக் கேளுங்கள். வெள்ளியன்று கடலுக்குப் போகாத ஊர்களும் இந்தக் கரையில் உண்டு, அதை முன்னாலேயே விசாரித்துவிடுங்கள். தடைக்காலத்தில் மட்டும் இந்தக் கிழமைக் கணக்கு வேண்டியதில்லை. விசைப்படகு எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்.

வியாழன்களிலும் எந்த வியாழன் என்று பார்க்க வேண்டும். நிலாக்காலத்து நண்டில் சதையிருக்காது, அமாவாசையை ஒட்டிய நண்டுதான் கனக்கும் என்பது கரையோரத்துப் பேச்சு. அதைவிட நேரடியான காரணம் ஒன்று உண்டு: நிலாவோடு மாறும் ஏற்றவற்றம். பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் கரை அவ்வளவு சாய்வில்லாமல் கிடப்பதால் அந்தக் கொஞ்சத் தண்ணீர் வற்றினாலே படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதைப் படகுக்காரர் ஏற்றத்தைப் பார்த்துத்தான் சொல்வார். காலை நாலு மணி என்றால் நாலு மணிதான். ஐந்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று பேரம் பேசாதீர்கள்.

இனி ஆள். மீன்பிடிப் படகு பயணிகள் படகு அல்ல. பணத்தை நீட்டி ஏறிவிடலாம் என்று நினைத்துப் போகக் கூடாது. இது இலங்கை எல்லைக்கு அருகில் உள்ள கடல். கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் கடலோரக் காவல்படையும் கண்காணிக்கும் இடம். மீனவரிடம் அடையாள அட்டை இருக்கும், உங்களிடம் இருக்காது. முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, அவர்கள் சம்மதத்தோடு ஒரு படகுக்காரரைப் பிடித்து, அவரோடு போய்க் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையத்தில் ஆதார் நகலோடு விவரம் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். திருட்டுத்தனமாக ஏறினால் உங்களுக்கு ஒரு நாள் தொல்லை. படகுக்காரருக்குப் பிழைப்பே போய்விடும். அனுமதி கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பையும் பாருங்கள். பார்த்துவிட்டு, கடைசி வார்த்தையைப் படகுக்காரரிடம் விட்டுவிடுங்கள். “காத்து சரியில்ல தம்பி, இன்னிக்கு வேணாம்” என்று அவர் சொன்னால், அலைபேசியில் வெயில் படம் காட்டினாலும் போகக் கூடாது.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. படகில் இருக்கும் என்று நம்பாமல் கையோடு கொண்டுபோங்கள். தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, ஒரு தடித்த கையுறை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டையும் காகிதத்தில் எழுதிப் பாலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். எழுபது வளைவிலும் வாந்தி எடுக்காதவன் கடலிலும் எடுக்க மாட்டான் என்று மலைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை, அது செல்லாது. பேருந்து பக்கவாட்டில்தான் ஆட்டும், படகு தூக்கித் தூக்கிப் போடும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாமல் இரண்டு இட்லியாவது தின்றுவிட்டு ஏறுங்கள்.

வியாழன் மாலை. படகு வரை முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டியிருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நடங்கள்; சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும், மிதித்தால் முள்ளால் குத்தும். படகில் ஏறியதும் காட்டிய இடத்தில் உட்காருங்கள். வலை கடலில் இறங்கும்போது அதன் பக்கம் கையோ காலோ போகக் கூடாது. கயிறு காலைச் சுற்றினால் ஆளையும் இழுத்துக்கொண்டு இறங்கும். ஆழத்தை இவர்கள் பாகக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. வலை முழுதும் இறங்கி முனைக்கொடி நட்டதும் கரைக்குத் திரும்பிவிடலாம்.

விடியலுக்கு முன்னால் மறுபடி போவது வலையெடுக்க. நேரமாக நேரமாக நண்டு வலையில் முறுக்கிக்கொள்ளும். செத்த நண்டை வாங்க ஆள் கிடையாது. கொடியைக் கண்டுபிடித்து ஒருவர் கயிற்றை இழுக்க, மற்றவர் வலையைச் சுருட்டி வைப்பார். உதவுகிறேன் என்று நடுவில் புகாதீர்கள். கேட்டால் மட்டும் கை கொடுங்கள். நண்டோடு கெளுத்தியும் திருக்கையும் ஏறும், கெளுத்தியின் முள்ளைத் தொட வேண்டாம். கடலாமை சிக்கியிருந்தால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவார்கள். கடல்பசுவும் அப்படித்தான், தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. கடல் அட்டையைக் கையில் எடுத்துப் படம் பிடிப்பதும் வேண்டாம். 2001-இல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. விளையாட்டுக்குக்கூட அது படகில் இருக்கக் கூடாது.

சுவாரசியமான பகுதி கரைக்கு வந்தபிறகுதான். நண்டைக் கடலிலேயே கழற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. வலையோடு கொண்டுவந்து கொட்டகையில் போட, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். ஒரு கால் உடையாமல் எடுப்பதுதான் தேர்ச்சி. உடைந்த நண்டுக்கு விலை குறைவு. நண்டைப் பின்பக்கமாக, கடைசித் துடுப்புக்காலின் அடியில் பிடிக்க வேண்டும். முன்னால் நீட்டினால் கொடுக்கு விரலைக் கவ்விவிடும். நீலநிறமாக இருந்து, வயிற்று மடல் ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண். நிறம் மங்கி, மடல் அகன்று வட்டமாக இருந்தால் பெண். அடிப்பக்கத்தை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் ஓடு கழற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, உள்ளே தண்ணீர்தான் இருக்கும், வாங்காதீர்கள். மடலுக்கு வெளியே மஞ்சளாகவோ கருத்தோ முட்டை தள்ளியிருந்தால் அது சினை நண்டு. உயிரோடிருந்தால் அதைக் கடலில் விடச் சொல்லி, அதன் விலையை நீங்கள் கொடுத்துவிடுங்கள். இலவசமாக விடச் சொல்வது அடுத்தவர் வயிற்றில் அடித்துப் புண்ணியம் தேடுவது.

கழற்றிய நண்டெல்லாம் உங்களுக்கு என்று நினைக்க வேண்டாம். எடை போட வியாபாரி காத்திருப்பார். இந்த நண்டின் சதை வேகவைத்து உதிர்க்கப்பட்டு டப்பாவில் அமெரிக்கா வரைக்கும் போகிறது. அன்றைய எடை விலையைக் கேட்டு அதையே கொடுத்து வாங்குங்கள். படகுக்காரருக்கான கூலி தனி.

அனுமதி கிடைக்காதவர்களுக்கு முத்துப்பேட்டை. திருவாரூர் மாவட்டத்தில், ஜாம்புவானோடையிலிருந்து வனத்துறை அனுமதியோடு படகேறிக் கோரையாறு வழியாக அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். காப்புக்காடு என்பதால் சுற்றுலா வருகிறவர் தூண்டில்கூடப் போடக் கூடாது, பார்க்க மட்டும்தான். ஆனால் கொல்லிமலைக்காரருக்கு அங்கே ஓர் உறவு உண்டு. ஐயாறு காவிரியில் சேர்கிறது. காவிரியின் கடைமடைக் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் இந்தக் காயலில்தான் வந்து விழுகின்றன. நன்னீரும் உப்புநீரும் கலந்த அந்தச் சேற்றில் வளர்வது களிநண்டு. அதை ஊர்ச் சந்தையில் வாங்கலாம்.

மலைக்கு எடுத்துப்போகக் களிநண்டே சரி. கொடுக்கைக் கட்டி நனைந்த சாக்கில் சுற்றி வைத்தால் ஓரிரு நாள் உயிரோடிருக்கும். நீலக்கால் நண்டு தண்ணீரை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும். ஐஸில் வைத்தாலும் நாமக்கல் வருவதற்குள் சதை தளர்ந்துவிடும். அதைக் கரையிலேயே உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுங்கள்.