மாசிக்காய் மையும் விளக்குக் கரியும்

ஐரோப்பாவில் இடைக்காலம் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலான ஆவணங்களை எழுதப் பயன்பட்ட மையின் முதன்மைப் பொருள்கள் இரண்டும் தமிழகத்து நாட்டு மருந்துக் கடைகளுக்குப் புதியவை அல்ல. ஒன்று, குளவியினப் பூச்சி முட்டையிடுவதால் கருவாலி மரத்தின் கிளையில் புடைத்தெழும் மாசிக்காய்; மற்றொன்று, இரும்பு சல்பேட்டாகிய அன்னபேதி. மாசிக்காய்க்குத் துவர்ப்பைத் தரும் டானின், அன்னபேதியின் இரும்போடு சேர்ந்து காற்றுப் பட்டதும் கறுக்கிறது. எழுதும்போது வெளிறியிருக்கும் எழுத்து, பின்னர் சுரண்டினாலொழியப் போகாத கருமையைப் பெறுகிறது.

டானின் பல நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள். மரஞ்செடிகள் தற்காப்புக்காகவே அதைச் சுரக்கின்றன. ஆயினும், மையைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பிசின் பூஞ்சைக்கு நல்ல தீனி என்பதால், இந்தத் துவர்ப்பு மையும் மைக்கூட்டிலேயே பூஞ்சணம் பூத்தது. அதைத் தடுக்கக் கிராம்பு, காடி முதலியவற்றையும், பிற்காலத்தில் கார்பாலிக் அமிலத்தையும் மையில் கலந்தனர்.

இந்த மையால் விளைந்த பெருங்கேடு வேறிடத்தில் இருந்தது. அன்னபேதி வினைபுரியும்போது கந்தக அமிலம் பிறக்கிறது. டானினோடு சேராமல் மிஞ்சிய இரும்பு, தாளின் நாராகிய செல்லுலோசைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் அரிக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு விளிம்பு படர்கிறது. பிறகு கோட்டின்மேல் வெடிப்பு விழுகிறது. முடிவில் எழுத்தே உதிர்ந்து, அதன் வடிவில் தாளில் ஓட்டை நிற்கிறது. பெர்லினில் உள்ள, இசையமைப்பாளர் பாக்கின் இசைக் கையெழுத்துப்படிகள் பல இவ்வாறு சிதைந்தவையே. மிஞ்சிய இரும்பைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் கால்சியம் பைட்டேட் கரைசல் முறையை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990களில்தான் உருவாக்கினர்.

தமிழ் ஓலைச்சுவடியின் முறை இதற்கு நேர்மாறானது. அங்கே எழுதுவது மையன்று, எழுத்தாணி. அது கீறிய பள்ளத்தில் விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச் சாற்றிலோ குழைத்துத் தேய்த்துத் துணியால் துடைத்தால், மேற்பரப்பு தெளிந்து கீறலில் மட்டும் கருமை தங்கும். கரி எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. ஆனால் அது வெளிச்சத்தில் மங்குவதில்லை, பூஞ்சைக்கு உணவாவதில்லை, ஓலையோடு வினைபுரிவதும் இல்லை. கிருமியைத் தடுக்கும் வேலை மைக்கு வெளியே இருந்த பொருள்களுக்கு உரியது: ஓலைக்குப் பூசும் மஞ்சள், சுவடிக் கட்டுகளுக்கிடையே வைக்கும் வசம்பு, சுவடிகளைத் துடைக்க நூலகங்களில் இன்றும் பயன்படும் வாசனைப்புல் எண்ணெய். இவ்வெண்ணெயிலுள்ள சிட்ரால் பூஞ்சையை அடக்குகிறது; எண்ணெய்ப் பசை, காய்ந்து முறியும் ஓலைக்கு நெகிழ்வையும் தருகிறது. மணம் போனால் காவலும் குறையும் என்பதால் எண்ணெயை அவ்வப்போது மீண்டும் பூச வேண்டியிருக்கிறது. அப்போதே, கரி உதிர்ந்து கண்ணுக்குப் புலப்படாமற்போன கீறல்களில் புதுக் கரியைத் தேய்த்து எழுத்தைத் திரும்ப எழுப்பிவிடவும் முடிகிறது.