தாஜ் மகாலை ஒளிப்படம் எடுக்க ஏற்ற நேரம்

தாஜ் மகாலை ஒளிப்படம் எடுக்க ஏற்ற நேரம் என்பது கட்டடம் நோக்கியிருக்கும் திசை, கதிரவனின் பருவகால இடமாற்றம், காற்றின் தெளிவு, பார்வை நேரக் கட்டுப்பாடு ஆகிய நான்கையும் பொறுத்து அமைவதாகும். விடியற்காலையே சிறந்தது என்ற பொதுவான அறிவுரை ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். சூன் மாதத்தில் அதே விடியற்காலையில் முகப்பு நிழலில் இருக்கும். சனவரியில் மூடுபனி கட்டடத்தையே மறைத்துவிடக்கூடும். தொலைவிலிருந்து ஒரு நாள் பயணமாக ஆக்ராவுக்கு வருபவர்கள் மிகுதி என்பதால், நாளையும் நேரத்தையும் முன்னரே தேர்ந்துகொள்வது பயனுள்ளது.

கட்டடத்தின் அமைப்பும் திசையும்

முகலாயப் பேரரசர் ஷாஜகான் தம் மனைவி மும்தாஜ் மகாலின் நினைவாக எழுப்பிய இக்கல்லறை மாளிகையின் கட்டுமானம் 1632-ஆம் ஆண்டளவில் தொடங்கியது. 1983-இல் இது யுனெசுக்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 73 மீட்டர் உயரமுள்ள இந்த வெண்பளிங்குக் கட்டடம் யமுனை ஆற்றின் தென்கரையில் உள்ளது. அதன் முகப்பு தெற்கு நோக்கியது. முகப்பின் முன் சுமார் 300 மீட்டர் நீளத்துக்குத் தோட்டமும், அதன் தென்கோடியில் பெருவாயிலும் அமைந்துள்ளன. கல்லறை மாளிகையின் மேற்கே பள்ளிவாசலும், கிழக்கே அதே தோற்றமுடைய விருந்தினர் மண்டபமும் செம்மணற்கல்லால் கட்டப்பட்டுள்ளன. ஆற்றின் எதிர்க்கரையில் மெக்தாப் பாக் என்னும் தோட்டம் இருக்கிறது.

தோட்டத்தில் நிற்பவர் வடக்கு நோக்கியே படம் எடுக்கிறார். அவருக்கு வலப்புறம் கிழக்கு, இடப்புறம் மேற்கு. காலையில் ஒளி வலப்புறமிருந்தும், மாலையில் இடப்புறமிருந்தும் சாய்வாக விழும்.

பருவமும் ஒளியின் திசையும்

ஆக்ரா ஏறத்தாழ 27 பாகை வட அகலாங்கில் உள்ளது. அங்கே கதிரவன் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் வரும் சம இரவு நாட்களில் மட்டுமே. திசம்பர் இறுதியில் அது கிழக்கிலிருந்து ஏறக்குறைய 27 பாகை தெற்கே விலகி உதிக்கிறது. அப்போது நண்பகலிலும் அதன் உயரம் 40 பாகையைத் தாண்டுவதில்லை. எனவே குளிர்காலத்தில் முகப்பின் மீது நாள் முழுவதும் தாழ்ந்த, இதமான ஒளி விழுகிறது.

சூன் இறுதியில் நிலைமை நேர்மாறானது. கதிரவன் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 27 பாகை வடக்கே விலகி உதிப்பதால், காலை பத்து மணி வரை முகப்பில் நேரடி வெயில் படாது. அதற்குப் பின் கதிரவன் தென்புறம் வந்தாலும், நண்பகலில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்கும். செங்குத்தான அந்த ஒளியில் வளைவுகள் கரிய குழிகளாகவும், பளிங்குப் பரப்பு விவரமின்றி வெளுத்தும் பதிவாகும். பிற்பகல் இரண்டரை மணியளவில் முகப்பு மீண்டும் நிழலுக்குள் போய்விடும்.

கோடையில் மெக்தாப் பாக் பயன்படுவது இதனால்தான். அங்கிருந்து தெரிவது கட்டடத்தின் வடமுகம். சூன் மாதக் காலையிலும் மாலையிலும் அந்த முகத்தில் நேரடி ஒளி விழும். குளிர்காலத்தில் வடமுகத்துக்கு வெயிலே கிடைக்காது. ஆயினும் தென்மேற்கில் கதிரவன் மறையும்போது, சிவந்த வானத்தின் முன் கட்டடம் கரிய நிழலுருவாகத் தெரியும்.

காற்றின் தெளிவு

ஒளியின் திசையை மட்டும் கருதினால் குளிர்காலமே ஏற்றது. ஆனால் திசம்பர் பிற்பாதியிலும் சனவரியிலும் வட இந்தியச் சமவெளியில் அடர்ந்த மூடுபனி சூழ்கிறது. சில நாட்களில் முற்பகல் வரையிலும் அது விலகுவதில்லை. மெல்லிய பனியில் மினார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கித் தெரியும் காட்சியை விரும்பும் ஒளிப்படக் கலைஞர்களும் உண்டு. தெளிவான படம் வேண்டுபவருக்கு அது தடையே. ஏப்ரல் முதல் சூன் வரை வெப்பமும் புழுதியும் மிகுதி. சூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். மழை ஓய்ந்த இடைவேளைகளில் காற்று தெளிந்திருக்கும். திரண்ட மேகங்கள் வெண்மாடத்துக்குப் பின்னணியாக அமையும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அக்டோபர் மாதமும், பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச்சு நடுப்பகுதி வரையுள்ள காலமும் பெரும்பாலோருக்கு ஏற்றவை. அப்போது கதிரவன் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே உதிப்பதால் முகப்பு காலையிலேயே ஒளி பெறுகிறது. கடும் மூடுபனிக்கும் கோடைப் புழுதிக்கும் இடைப்பட்ட காலமும் அதுவே.

ஒரு நாளின் நேரங்கள்

கதிரவன் உதிக்க அரை மணி நேரம் முன்பே வாயில் திறக்கப்படுகிறது. கூட்டம் குறைந்த, காற்று அசையாத அந்த நேரத்தில் நீர்ப்பரப்பில் கட்டடத்தின் எதிரொளி தெளிவாகத் தெரியும். உதயத்தின்போது ஒளி காற்றுமண்டலத்தில் நீண்ட தொலைவு கடந்து வருகிறது. நீல ஒளி வழியிலேயே சிதறிவிடுவதால் எஞ்சிய செவ்வொளி பளிங்கை இளஞ்சிவப்பாகக் காட்டுகிறது. உதயத்துக்குப் பின் முதல் ஒரு மணி நேரத்தில், சாய்ந்த ஒளி மாடத்தின் உருட்சியையும் செதுக்கு வேலைகளையும் எடுத்துக்காட்டும். அந்நேரத்தில் பள்ளிவாசல் பக்கமிருந்து பார்த்தால் கட்டடம் நிழலுருவாகவும், விருந்தினர் மண்டபப் பக்கமிருந்து பார்த்தால் ஒளி பெற்றும் தோன்றும். மாலையில் இது தலைகீழாகும்.

கதிரவன் மறைய அரை மணி நேரம் முன்பே வளாகம் மூடப்படுவதால், தோட்டத்திலிருந்து அந்திச் செவ்வானத்தைப் படம் எடுக்க இயலாது. வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்கு வருவோர் தவிர மற்றவர்களுக்கு அனுமதி இல்லை.

நிலவொளியில்

முழுநிலவு நாளிலும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்களிலும் இரவுப் பார்வை உண்டு. வெள்ளிக்கிழமைகளும் ரமலான் மாதமும் இதற்கு விலக்கு. சிறு குழுக்களாக அரை மணி நேரமே அனுமதிக்கப்படும் பார்வையாளர்கள் பெருவாயில் அருகிலிருந்தே காண வேண்டும். முழுநிலவு கதிரவனுக்கு எதிர்த்திசையில் இருப்பதால், பருவத்தின் விளைவும் தலைகீழாகிறது. கோடை முழுநிலவு தென்வானில் தாழ்வாகச் சென்று முகப்பில் ஒளி வீசும். குளிர்கால முழுநிலவு வடகிழக்கில் எழுந்து உச்சி வரை ஏறுவதால், முன்னிரவில் முகப்பு இருண்டிருக்கும்.

கருவியில் கவனிக்க வேண்டியவை

ஒளிப்படக்கருவியின் ஒளியளவி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்கிடுகிறது. அதனால் படத்தை நிறைத்திருக்கும் வெண்பளிங்கு மங்கிப் பதிவாகும். வெளிப்பாட்டை ஒரு படி அளவு கூட்டினால் வெண்மை மீளும். நேரடி வெயிலில் அதற்கு மேல் கூட்டினால் பதிகல் வேலைப்பாடுகள் மறைந்துவிடும். கைப்பேசியிலும் திரையில் மாடத்தைத் தொட்டு ஒளியளவை மாற்றலாம். முக்காலிக்குத் தனி அனுமதி தேவை என்பதால், விடியலில் கருவியைச் சுவரிலோ மேடை விளிம்பிலோ அசையாமல் ஊன்றிக்கொள்வது நல்லது. கல்லறை மாளிகையின் உட்பகுதியில் படம் எடுக்கத் தடை உள்ளது.

பிற இடங்களுக்குப் பொருத்துதல்

இதே முறை மற்ற நினைவுச் சின்னங்களுக்கும் பொருந்தும். கம்போடியாவின் அங்கோர் வாட் மேற்கு நோக்கியது. அதனால் காலையில் அது நிழலுருவாகவும் பிற்பகலில் ஒளி பெற்றும் தெரிகிறது. எகிப்தின் கீசாவிலுள்ள ஸ்பிங்க்ஸ் கிழக்கு நோக்கியிருப்பதால் அதன் முகத்தைக் காலையில் எடுப்பதே சிறப்பு. முகப்பின் திசையை வரைபடத்தில் பார்த்து, செல்லவிருக்கும் மாதத்தில் கதிரவன் உதிக்கும் திசையோடு ஒப்பிட்டால், எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே அறிந்துகொள்ளலாம்.