வாணிபக் கூட்டில் இருப்பதா, விலகுவதா?

வட்டார வளர்ச்சி அலுவலர், விருத்தாசலம்

விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்து இறங்கும் பீங்கான் பொம்மைக்கும் அகல் விளக்கிற்கும், செம்மண் தோப்புகளில் காய்க்கும் முந்திரிக்கும், மானாவாரியில் விளையும் நிலக்கடலைக்கும் விலை இன்று உள்ளூர்ச் சந்தையில் மட்டும் முடிவாவதில்லை. துறைமுகத்தில் வந்து இறங்கும் அயல்நாட்டுச் சரக்கின் விலையும், அதன்மீது விதிக்கப்படும் சுங்கத் தீர்வையும் அதில் பங்கு கொள்கின்றன. அத்தீர்வைக்கு வரம்பிடுபவை நாடுகளுக்கிடையே ஏற்படும் வாணிப உடன்பாடுகள். அவற்றில் நீடிப்பதா, விலகுவதா, நிபந்தனைகளைத் திருத்திக்கொள்வதா என்பது தலைநகரத்தில் மட்டும் பேசத்தக்கதன்று. கிராம சபையிலும் சிந்திக்கத்தக்கது.

கூட்டு என்பது யாது?

சில நாடுகள் ஒன்று சேர்ந்து, தங்களுக்குள் வந்து போகும் பண்டங்களுக்குத் தீர்வையைக் குறைப்பதாகவோ நீக்குவதாகவோ ஒப்புக்கொள்வதே வாணிபக் கூட்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் சங்கமாகிய ஆசியானில் இந்தியா உறுப்பு நாடு அன்று. எனினும் அதிலிருந்த பத்து நாடுகளுடன் 13-8-2009 அன்று சரக்கு வாணிப உடன்பாடு செய்துகொண்டது. 2010 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாடுகளுக்கு நாம் விற்பதைக் காட்டிலும் அவற்றிடம் வாங்குவது மிகுதி. இந்த வேறுபாடு 2010-11ஆம் ஆண்டில் ஏறக்குறைய 500 கோடி டாலர். 2022-23இல் 4,300 கோடி டாலரைத் தாண்டிற்று. விலகிவிடலாம் என்ற குரல் எழுவதற்கு இதுவே காரணம்.

இதற்கிடையே ஆசியான் நாடுகளுடன் சீனம், ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவையும் சேர்ந்த ‘ஆர்செப்’ என்னும் பெருங்கூட்டு உருவாயிற்று. பல்லாண்டுகள் பேச்சில் கலந்துகொண்ட நமது நாடு, 4-11-2019 அன்று அதில் சேர்வதில்லை என்று அறிவித்தது. ஏனைய 15 நாடுகளும் 2020 நவம்பரில் கையொப்பமிட்டன. நாமும் சேர்ந்திருந்தால் சீனச் சரக்கின்மீது தீர்வை படிப்படியாகக் குறைந்திருக்கும். சீனத்திலிருந்து வரும் பீங்கான் பாத்திரங்கள் நியாயமற்ற மலிவு விலையில் குவிக்கப்படுகின்றன என்று கண்டு, 2018இல் மிகைத்தீர்வை விதித்த நாடு நமது நாடு. சூளைத் தொழிலை நம்பியுள்ள ஊர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

ஆயினும் சேராதிருப்பது வேறு. சேர்ந்தபின் விலகுவது வேறு.

ஒரே வீட்டில் இரு நலன்கள்

நிலக்கடலை பயிரிடும் குடும்பமே நியாயவிலைக் கடையில் பாமாயிலும் வாங்குகின்றது. அந்த எண்ணெய் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவது. மலிவாக வந்தால் அடுப்பங்கரைக்கு ஆதாயம். கடலைக் காட்டிற்கு நட்டம். இதில் கருத வேண்டியது ஒன்றுண்டு. உடன்பாட்டின்படி, 2020 முதல் கச்சாப் பாமாயிலுக்கு 37.5 சதவீதம் வரை தீர்வை விதிக்க நமக்கு உரிமை உள்ளது. ஆனால் 2024 செப்டம்பரில் விதிக்கப்பட்ட அடிப்படைத் தீர்வை 20 சதவீதமே. அதுவும் 2025 மே மாத இறுதியில் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விலைவாசியைக் கருதி நாமே செய்துகொண்ட குறைப்பு இது. ஆதலின் உடன்பாட்டைக் கைவிட்ட அளவிலேயே கடலைக்கு நல்ல விலை வந்துவிடாது.

முந்திரியும் இப்படியே. பருப்பு ஏற்றுமதியில் உலகில் முன்னிற்கும் வியட்நாம் ஓர் ஆசியான் நாடு. கூட்டிலிருந்து விலகாமலேயே 2019 ஜூன் மாதத்தில் நமது அரசு, முழுப் பருப்பு கிலோ 720 ரூபாய்க்கும், உடைந்த பருப்பு 680 ரூபாய்க்கும் குறைந்து இறக்குமதியாகாதபடி வரம்பிட்டது. கதவை அடைக்காமலே தாழ்ப்பாளைப் பயன்படுத்த வழியுண்டு என்பதை இது காட்டுகின்றது.

பிற நாடுகளின் அனுபவம்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதென்று பிரிட்டிஷ் மக்கள் 2016 ஜூனில் வாக்களித்தனர். விலகல் நிறைவேற 31-1-2020 வரை ஆயிற்று. அதன்பின்னும், விட்டு வந்த அதே நாடுகளுடன் 2020 டிசம்பரில் புதிய வாணிப உடன்பாட்டை அந்நாடு முடிக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்றும் வேறு வழியை மேற்கொண்டன. 1994 முதல் நடந்துவந்த உடன்பாட்டைப் பேசித் திருத்தி, 1-7-2020 முதல் புதியதை நடைமுறைப்படுத்தின.

எதைத் திருத்த வேண்டும்?

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நட்பு நாடுகளிடையேயும் கணக்குச் சரியாக இருத்தல் வேண்டும். ஆசியான் உடன்பாட்டை மறுபரிசீலனை செய்ய இரு தரப்பாரும் 2019இல் இசைந்தனர். 2025க்குள் அதை முடிப்பதென 2023 ஆகஸ்டில் இலக்கு வகுத்தனர். இத்தகைய திருத்தத்தில் மூன்று கூறுகள் முக்கியமானவை.

முதலாவது, சலுகை பெறும் பண்டங்களின் பட்டியல். சிறு தொழிலையும் சிறு விவசாயியையும் பாதிப்பவற்றைத் தனியே பிரிக்க வேண்டும். இரண்டாவது, பிறப்பிட விதி. சலுகை பெறும் சரக்கின் மதிப்பில் பொதுவாக 35 சதவீதமேனும் கூட்டு நாடுகளுக்குள் உண்டானதாக இருத்தல் வேண்டும். வேறொரு நாட்டுச் சரக்கு ஆசியான் முத்திரையுடன் நுழைவதைத் தடுப்பது இவ்விதியே. இதைக் கண்டிப்பாக்க 2020 செப்டம்பர் முதல் நமது சுங்கத்துறை தனி விதிகளைச் செயற்படுத்துகின்றது. மூன்றாவது, இறக்குமதி திடீரெனப் பெருகினால் தற்காலிகமாகத் தீர்வையை உயர்த்தும் பாதுகாப்பு ஏற்பாடு.

நாம் செய்ய வேண்டுவது

மலிவுக் குவிப்பைத் தடுக்குமாறு மத்திய அரசிடம் முறையிட, அப்பண்டத்தின் உள்நாட்டு உற்பத்தியில் 25 சதவீதத்திற்குக் குறையாத உற்பத்தியாளர்களின் ஆதரவு தேவை. தனித்த ஒரு சூளையால் இது இயலாது. சங்கமாக, பிற ஊர்ச் சங்கங்களுடன் இணைந்தே இயலும். அதற்கும் முன்னதாக ஒவ்வொருவரிடமும் கணக்கு இருத்தல் வேண்டும். களிமண், எரிபொருள், கூலி ஆகியவற்றின் செலவு, விற்ற விலை, நின்றுபோன சூளை நாட்கள் ஆகியவற்றைப் பீங்கான் தொழிலாளரும், சாகுபடிச் செலவையும் கிடைத்த விலையையும் விவசாயிகளும் ஆண்டுதோறும் குறித்து வைக்க வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றைத் திரட்டி, கிராம சபைத் தீர்மானத்துடன் மாவட்டத் தொழில் மையத்திற்கும் வேளாண்மைத் துறைக்கும் அனுப்புதல் நலம்.

பேச்சு மேசையில் நமது பிரதிநிதிகள் கேட்பது, கிராமங்கள் கொடுக்கும் விவரத்தின் அளவே வலிமை பெறும். விலகுவது கடைசி ஆயுதம். அதை எடுக்குமுன் திருத்தத்திற்குரிய ஆதாரங்களைத் திரட்டுவது நமது கடமையாகும்.