வேலைக்குத் திரும்பினால் இ.எஸ்.ஐ. ஊனத் தொகை நின்றுவிடுமா?

ஆண்டிப்பட்டி, தேனி பக்கம் நூற்பாலைகளில் வேலை செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "மறுபடி மில்லுக்குப் போனா இ.எஸ்.ஐ. காசு நின்னு போயிருமாம்ல?" இந்தப் பயத்தில் சிலர் கிடைத்த வேலையை விடுகிறார்கள். சிலர் தொகையையே கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம்தான். விதி என்ன சொல்கிறது, பார்ப்போம்.

முதலில் தற்காலிக ஊனப் பயன்

வேலையில் அடிபட்டு, குணமாகும்வரை வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தருவது இது. தினக்கூலியில் சுமார் 90 சதவீதம். விபத்து நடந்த நாளைச் சேர்க்காமல் குறைந்தது 3 நாள் முடங்கியிருக்க வேண்டும். இங்கே மற்ற வருமானம் குறுக்கே வரும். வேலை செய்த நாளுக்கும், சம்பளத்தோடு விடுப்பில் இருந்த நாளுக்கும் இந்தத் தொகை கிடையாது. மறைத்து வாங்கினால் திருப்பிக் கட்ட வேண்டும், வழக்கும் வரலாம்.

அடுத்து நிரந்தர ஊனப் பயன்

சிகிச்சை முடிந்தும் குறை தங்கிவிட்டால், சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்று மருத்துவ வாரியம் முடிவு செய்யும். ஒரு கையில் இரண்டு விரல் போனால் சட்ட அட்டவணைப்படி 20 சதவீதம்.

ஒரு கணக்குப் போடுவோம். விபத்துக்கு முன் சராசரி தினக்கூலி 500 ரூபாய் என்றால், அதில் 90 சதவீதம் 450. அதில் 20 சதவீதம் 90 ரூபாய். 30 நாளுக்கு 2,700 ரூபாய், ஆயுள் முழுக்க.

நீங்கள் அதே மில்லுக்குப் போனாலும், வேறு தொழில் செய்தாலும், சம்பளம் உயர்ந்தாலும் இந்தத் தொகை குறையாது. காரணம் எளிது: இது இன்றைய வருமானத்தைப் பார்த்துத் தருவதில்லை, இழந்த திறனுக்காகத் தருவது. அமெரிக்காவில் பல தனியார் ஊனக் காப்பீடுகள், அரசு தரும் ஊனத் தொகையைத் தம் தொகையில் கழித்துக்கொள்ளும். இ.எஸ்.ஐ.யில் அப்படி இல்லை.

எதைச் சேர்த்து வாங்க முடியாது?

• ஒரே விபத்துக்கு இ.எஸ்.ஐ. பயனும், முதலாளியிடம் ஊழியர் இழப்பீடும் சேர்த்துப் பெற முடியாது.

• தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, வருவாய்த் துறை தரும் 1,500 ரூபாய் ஓய்வூதியம் இரண்டில் ஒருவருக்கு ஒன்றுதான்.

• இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள, 80 சதவீத ஊனம் உள்ளவர்களுக்கானது. இங்கே வருமானம் பார்ப்பார்கள். மாதாமாதம் இ.எஸ்.ஐ. தொகை வருகிறது என்றால் மனுவில் மறைக்காமல் எழுதுங்கள்.

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு தனி. வேறு காப்பீடு இருந்தாலும் அதன் தொகை குறையாது. ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் 1 லட்சம் ரூபாய். விரல் இழப்புக்கு மட்டும் கிடைக்காது.

ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களா?

கம்பம், போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறும் தோட்டத் தொழிலாளர்களில் இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு ஊழியர் இழப்பீடு உண்டு. இது மொத்தமாகத் தரும் தொகை. பிறகு நீங்கள் சம்பாதிப்பதால் அதைத் திருப்பிக் கேட்க முடியாது. விபத்து இடுக்கியில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமே மனு கொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் கொடுத்துவிடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

அடிபட்டால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். மில்லின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவ வாரியம் சொன்ன சதவீதம் குறைவு என்று நினைத்தால் மேல்முறையீடு உண்டு. அதற்குக் கெடு இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம். சந்தேகமிருந்தால் இ.எஸ்.ஐ. கட்டணமில்லா எண் 1800-11-2526-க்குப் பேசுங்கள். அரசு உதவித்தொகை பற்றிய குறை என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

வேலைக்குப் போங்கள். உங்கள் நிரந்தர ஊனத் தொகையையும் கேட்டு வாங்குங்கள்.