தாயிடம் சொல்லாமல் கப்பல் ஏறிய வாலிபர்!

மனதுக்குள் மில்லையே கொண்டுபோனார்!

பனியனை எடுத்துக் கழுத்துப் பட்டியைப் பாருங்கள். கோடு கோடாக மேடும் பள்ளமுமாக இருக்கும். இழுத்தால் விரியும். விட்டால் சுருங்கும். திருப்பூரில் அதற்கு "ரிப்" என்று பெயர்.

இந்த ரிப் துணியை இயந்திரத்தில் பின்ன வழி கண்டவர், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெடிடையா ஸ்ட்ரட். அப்போது அதைக் காலுறைக்குத்தான் பயன்படுத்தினார்கள். ஸ்ட்ரட் 1759‍-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பிறகு நூல் மில் கட்டி, பெரும் பணக்காரர் ஆனார்.

அவரிடம் தொழில் பழக ஒரு பையன் வந்தான். அந்தப் பையனின் கதைதான் இது.

தகப்பன் இல்லாத பிள்ளை

பையனின் பெயர் சாமுவேல் சிலேட்டர். பிறந்தது 1768‍-ல். ஊர் டெர்பிஷயரில் உள்ள பெல்ப்பர். தகப்பனார் விவசாயி. சாமுவேலுக்கு 14 வயது ஆனபோது தகப்பனார் இறந்துவிட்டார்.

ஸ்ட்ரட் குடும்ப நண்பர். அவர் மில்லில் பையனைச் சேர்த்தார்கள். ஆறரை ஆண்டு வேலை பழகவேண்டும் என்று ஒப்பந்தம்.

சாமுவேல் வெறுமனே வேலை செய்யவில்லை. எந்தச் சக்கரம் எதைச் சுற்றுகிறது, எந்த உருளைக்கு எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றையும் மனதில் பதித்துக்கொண்டார். மேஸ்திரி வேலை பார்க்கும் அளவுக்கு உயர்ந்தார்.

அமெரிக்காவில் நூல் மில்லுக்கு ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தி அவர் காதில் விழுந்தது. ஆனால் ஒரு தடை. மில் தெரிந்த தொழிலாளி இங்கிலாந்தை விட்டுப் போகக்கூடாது! இயந்திரமும் போகக்கூடாது! அதன் படமும் போகக்கூடாது! பிடிபட்டால் தண்டனை. தொழில் ரகசியம் வெளியே போனால் தன் வியாபாரம் படுத்துவிடும் என்று இங்கிலாந்து பயந்தது.

மாறுவேடம்

1789 செப்டம்பர் மாதம். சாமுவேலுக்கு வயது 21. பண்ணையாள் போல உடை போட்டுக்கொண்டு லண்டனில் கப்பல் ஏறினார். பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை! புறப்படும் நேரத்தில் ஒரு கடிதத்தைத் தபாலில் போட்டார். அவ்வளவுதான்.

ஒரு துண்டுப் படம்கூட அவரிடம் இல்லை. வேலை பழகிய ஒப்பந்தப் பத்திரத்தை மட்டும் மறைத்து வைத்திருந்தார். மில் முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. சோதனை போட்டால் எங்கே போய்த் தேடுவது?

அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட 66 நாட்கள் ஆயின.

பழைய இரும்பு

நியூயார்க்கில் சில வாரம் வேலை செய்தார். அங்கே இயந்திரமும் மோசம், தண்ணீர் வேகமும் போதாது. ரோட் தீவு மாநிலத்தில் மோசஸ் பிரவுன் என்ற வியாபாரி நூல் இயந்திரங்களை வாங்கிவைத்துவிட்டு, ஓட்டத் தெரியாமல் விழிக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருக்குக் கடிதம் எழுதினார். "வா" என்று பதில் வந்தது.

பாடக்கெட் என்ற ஊருக்குப் போய்ப் பார்த்தார். அத்தனையும் ஓட்டை உடைசல்! "இவை ஆகாது. நான் புதிதாகச் செய்கிறேன். நல்ல நூல் வராவிட்டால் எனக்குக் கூலி வேண்டாம். செய்ததை எல்லாம் ஆற்றில் எறிந்துவிடுகிறேன்" என்ற பொருளில் அவர் பேசியதாகச் சொல்வார்கள்.

தச்சரும் கொல்லரும் உதவிக்கு வந்தார்கள். சிலேட்டர் சொல்லச் சொல்ல அவர்கள் செய்தார்கள். பஞ்சு சீவும் இயந்திரம்தான் மிகவும் படுத்தியது. பஞ்சு சீராக வராமல் சுருண்டு சுருண்டு நின்றது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில், சீப்புப் பற்களின் வளைவு சரியில்லை என்று தெரிந்தது. திருத்தினார்கள். பஞ்சு ஓடியது!

1790 டிசம்பர் 20‍-ந் தேதி, ஆற்றுத் தண்ணீரின் வேகத்தில் 72 கதிர்கள் சுழன்றன. நூல் வந்தது.

கொல்லர் மகள்

சிலேட்டர் தங்கியிருந்தது கொல்லர் ஓசியல் வில்கின்சன் வீட்டில். அவர் மகள் ஹன்னா. இருவருக்கும் காதல் மலர்ந்தது. பெண் வீட்டார் குவேக்கர் மதப் பிரிவினர். பிள்ளையோ வேறு பிரிவு. பெற்றோர் தயங்கினார்கள். ஆனால் 1791‍-ல் கல்யாணம் நடந்தது.

ஹன்னா சும்மா இருக்கவில்லை. அந்த நாளில் தையலுக்கு லினன் நூல்தான் வழக்கம். கணவர் மில்லில் வந்த மெல்லிய பருத்தி நூலை இரண்டு இழையாக முறுக்கி, தையல் நூல் ஆக்கினார். 1793‍-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் பெண்களில் ஹன்னாவும் ஒருவர் என்று கூறுவார்கள்.

பத்துப் பிள்ளைகள் பெற்றார். பிரசவத்தை ஒட்டி வந்த நோயில் 1812‍-ல் இறந்துபோனார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த சிலேட்டர், 1817‍-ல் எஸ்தர் என்ற விதவையை மறுமணம் செய்துகொண்டார்.

ஒன்பது சிறுவர்கள்

இனி வருவது கசப்பான சங்கதி. அதை மறைத்தால் கதை பாதிதான்.

அந்த முதல் மில்லில் முதலில் வேலைக்கு அமர்ந்தவர்கள் யார்? ஒன்பது குழந்தைகள்! வயது 7 முதல் 12 வரை. ஹன்னாவின் தம்பியும் 10 வயதில் அங்கே வேலை பார்த்தார். வாரம் ஆறு நாள் வேலை. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கப் பள்ளி வைத்தார் சிலேட்டர். ஆறு நாள் உழைத்த குழந்தைக்கு ஏழாவது நாள் கண் விழிக்குமா?

பிறகு குடும்பம் குடும்பமாக ஆள் எடுத்தார்கள். பிள்ளைகள் அதிகம் உள்ள குடும்பத்துக்குத்தான் கிராக்கி. 1803‍-ல் தம்பி ஜானும் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தார். மில்லைச் சுற்றி வீடு, கடை, கோவில் எல்லாம் கட்டி "சிலேட்டர்ஸ்வில்" என்று ஊரே உண்டாக்கினார்கள்.

திருப்பூரில் புருஷன் கட்டிங், மனைவி செக்கிங் என்று ஒரே கம்பெனிக்கு டிபன் பாக்ஸுடன் போகும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல. பிள்ளையையும் கைமடிக்க அழைத்துப்போன காலம் இங்கும் உண்டு. 1986‍-ம் ஆண்டுச் சட்டமும், 2016‍-ல் வந்த திருத்தமும் அதைத் தடுத்தன. 14 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைப்பது இப்போது குற்றம்.

பெண்கள் எழுந்தார்கள்

1824 மே மாதம். பாடக்கெட் மில் முதலாளிகள் கூடிப் பேசினார்கள். தறி ஓட்டும் பெண்களுக்குப் பீஸ் ரேட்டில் கால்வாசி குறைப்பு! வேலை நேரமோ ஒரு மணி அதிகம்!

பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ஊரும் அவர்கள் பக்கம் சேர்ந்தது. சுமார் ஒரு வாரம் மில்கள் ஓடவில்லை. பிறகு சமரசம் ஏற்பட்டது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நடந்த முதல் வேலைநிறுத்தம் அது. அதைத் தொடங்கியவர்கள் பெண்கள்!

இரண்டு பட்டம்

1833‍-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் சிலேட்டரைப் பார்க்க வீடு தேடி வந்தார். "அமெரிக்கத் தொழிலின் தந்தை" என்று புகழ்ந்தார். 1835‍-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெப்ஸ்டர் என்ற ஊரில் சிலேட்டர் காலமானார். பல மில்கள் அவருக்குச் சொந்தமாக இருந்தன.

1793‍-ல் அவர் கட்டிய மரக் கட்டடம் பாடக்கெட்டில் ஆற்றங்கரையில் இன்றும் நிற்கிறது. ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

பிறந்த ஊரான பெல்ப்பரில் அவருக்கு வேறு ஒரு பட்டம் கொடுத்தார்கள்.

"துரோகி சிலேட்டர்!"