அரை வினாடி ஏன் தாமதம்? கேட்டார் ஒருவர், தப்பின கணினிகள்

கைப்பேசியில் ஒரு செயலி திறக்க வழக்கத்தைவிடச் சற்று நேரம் பிடித்தால் நாம் என்ன செய்வோம்? மூடிவிட்டு மறுபடியும் திறப்போம். அதற்கும் மசியவில்லை என்றால் கைப்பேசியையே அணைத்துப் போடுவோம். ஏன் தாமதம் என்று உட்கார்ந்து யோசிப்பவர்கள் நம்மில் குறைவு.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருவர் அப்படி யோசித்தார். அவர் பெயர் ஆண்ட்ரஸ் ஃபிராயின்ட். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணிபுரியும் அவர், ‘போஸ்ட்கிரஸ்’ எனும் தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோரில் ஒருவர். அதன் வேகத்தைச் சோதிப்பதற்காகத் தம் கணினியில் மற்ற வேலைகளை எல்லாம் அடக்கிவைத்துக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ‘எஸ்எஸ்எச்’ எனும் மென்பொருள் தேவைக்கு அதிகமாகக் கணினியின் ஆற்றலை உறிஞ்சுவதைக் கவனித்தார். அளந்து பார்த்தார். சுமார் 0.3 வினாடியில் முடிய வேண்டிய வேலைக்கு 0.8 வினாடி ஆனது.

வித்தியாசம் அரை வினாடி. கண் சிமிட்டும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் சில வாரங்களுக்கு முன்பு வேறொரு சோதனையில் தாம் பார்த்த விநோதமான எச்சரிக்கை ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு நூல் பிடித்துச் சென்றவர் கண்டுபிடித்தது, இணைய வரலாற்றிலேயே மிகவும் பொறுமையாகத் திட்டமிடப்பட்ட சதிகளில் ஒன்று.

பூட்டுத் தொழிற்சாலைக்குள் ஒரு திருடன்

‘எக்ஸ்இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கித் தரும் இலவச மென்பொருள். அதன் பெயரைக்கூட நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் உலகெங்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் அது ஓசையின்றி உட்கார்ந்திருக்கிறது. வங்கிகள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள் எனப் பலவற்றின் சேவைகளுக்குப் பின்னால் இத்தகைய கணினிகள் உள்ளன.

அந்த மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ ஒரு கள்ளக்கதவை வைத்திருந்தார்கள். சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் நச்சு நிரல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. அதை எழுப்பிவிடும் வரிகள், எல்லாரும் பார்க்கக்கூடிய மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை; வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தன. உரிய இரகசியச் சாவி வைத்திருப்பவர், கடவுச்சொல் எதுவுமின்றி அந்தக் கணினியைத் தம் விருப்பப்படி ஆட்டிவைக்கலாம்.

ஒருவர் உங்கள் வீவக வீட்டுக் கதவை உடைக்கவில்லை. மாறாக, பூட்டு செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, இனி வெளிவரும் பூட்டுகள் அனைத்தும் தம் சாவிக்கும் திறக்கும்படி செய்துவிட்டார். நடந்தது ஏறத்தாழ இதுதான்.

மார்ச் 29, புனித வெள்ளியன்று ஃபிராயின்ட் இதை உலகுக்கு அறிவித்தார். அபாயத்தை அளக்கும் அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுக்கப்பட்டது. நல்ல வேளையாக, அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலையில் இருந்த லினக்ஸ் தொகுப்புகளை மட்டுமே எட்டியிருந்தன. சில மாதங்கள் கழிந்திருந்தால் நிலைமை வேறு.

ஆயுதமாக மாறிய குறைகூறல்

இந்தக் கதையில் தொழில்நுட்பத்தைவிட என்னை அதிகம் உலுக்கியது, அந்தத் திருடன் உள்ளே நுழைந்த விதம்.

எக்ஸ்இசட் மென்பொருளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர் ஒரே ஒருவர். சம்பளம் கிடையாது. ஓய்வு நேரத்தில் செய்த தொண்டு. 2021ஆம் ஆண்டில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பினார். பெயரைக் கேட்டால் நம் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்போல இருக்கிறது. அவருடைய பதிவுகளில் பெரும்பாலானவை நம் நேர வட்டாரத்தையே காட்டின. பெயரும் நேரமும் வேடமாக இருக்கலாம் என்பதே வல்லுநர்கள் பலரின் கருத்து.

2022ல் வேறு சில பெயர்களில் புகார்கள் வரத் தொடங்கின. “ஏன் இவ்வளவு தாமதம்?”, “இந்த மென்பொருளில் உங்களுக்கு அக்கறை இல்லையா?”, “வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டியதுதானே?” என்ற தொனியில் தொடர்ந்து நெருக்கினார்கள். தாம் மனநலச் சிக்கல்களோடு போராடி வருவதாகவும் இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் வைக்க வேண்டும் என்றும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். நெருக்குதல் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு ஜியா டான் கைக்குச் சென்றது. அந்தப் புகார்க்காரர்களும் சதியின் பங்காளிகளாகவே இருந்திருக்க வேண்டும் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

சற்று எண்ணிப் பாருங்கள். ஆளைக் களைப்படைய வைக்கச் சதிகாரர்கள் போட்ட வேடம் எது? பொறுமையிழந்த சாதாரணப் பயனாளர் வேடம். இணையத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒரு முறை, இலவசமாகக் கிடைத்த ஒரு தட்டச்சுச் செயலியில் ‘ஸ்ரீ’ எழுத்து சரியாக வரவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, “இதைச் செய்ய முடியாவிட்டால் எதற்குச் செயலி?” என்று எழுதியிருக்கிறேன். அதை ஒரு குழுவே உட்கார்ந்து செய்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஒருவர் மட்டும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

திறந்த மூலநிரல் ஆபத்தானதா?

“யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்றால் இப்படித்தான் ஆகும்” என்று சிலர் சொல்கிறார்கள். “மூலநிரல் திறந்திருந்ததால்தானே கண்டுபிடிக்க முடிந்தது” என்பது மற்றவர்களின் பதில். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஃபிராயின்ட் வேறொருவர் எழுதிய மென்பொருளைப் பிரித்துப் பார்க்க முடிந்தது, அது திறந்திருந்ததால். ஆனால் ஆயிரம் பேர் பார்க்கலாம் என்பது வேறு, ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்பது வேறு. எல்லாரும் ‘வேறு யாராவது பார்த்திருப்பார்கள்’ என்று நினைத்தால், கடைசியில் யாருமே பார்ப்பதில்லை.

2014ல் ‘ஹார்ட்பிளீட்’ எனும் குறைபாடு வெளிவந்தபோதும் இதே பாடம்தான். இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ மென்பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே கவனித்து வந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. 2016ல் வெறும் 11 வரிகள் கொண்ட ‘லெஃப்ட்பேட்’ என்ற சிறு நிரலை அதன் ஆசிரியர் நீக்கியதும், அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் நின்றுபோயின.

இளையர்கள் என்ன செய்யலாம்?

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கணினித் துறையில் படிப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று. உங்கள் இறுதியாண்டுத் திட்டத்தில் ஒரே கட்டளை தட்டினால் நூற்றுக்கணக்கான நிரல்தொகுப்புகள் வந்து இறங்கிவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலையும் அப்படியே ஒட்டிக்கொள்கிறோம். ஓடினால் போதும், மதிப்பெண் வந்துவிடும்.

எல்லாவற்றையும் படிக்க யாராலும் முடியாது. ஆனால் வாரத்திற்கு ஒன்றையாவது திறந்து பார்க்கலாம். யார் எழுதியது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். தேவையற்ற தொகுப்பைத் தவிர்க்கலாம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் உதவலாம். பல திறந்த மூலநிரல் மென்பொருள்களின் தமிழ் இடைமுகம் தொண்டூழியர்களின் மொழிபெயர்ப்பில்தான் வளர்கிறது.

குறை சொல்லவே கூடாது என்பதல்ல. ஃபிராயின்ட் செய்ததும் குறை சொன்னதுதான். ஆனால் அவர் “மெதுவாக இருக்கிறது” என்று திட்டிவிட்டுப் போகவில்லை. எவ்வளவு மெதுவாக, எப்போதிலிருந்து, எங்கே என்று அளந்து எழுதினார். திட்டுவது ஒருவரைச் சோர்வடையச் செய்கிறது. அளந்து சொல்வது உதவுகிறது.

அன்றிரவே என் பழைய கருத்தை நீக்கினேன். எந்தக் கைப்பேசி, எந்தப் பதிப்பு, எந்த விசைகளை எந்த வரிசையில் தட்டினால் சிக்கல் வருகிறது என்று நான்கு வரி எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, “நன்றி, பார்க்கிறேன்” என்று பதில் வந்தது.

‘ஸ்ரீ’ இன்னும் சரியாகவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை.